சுவரைக் கழுவிய மருமகன்

எங்கள் ஹோலில் பூசாமல் விட்ட கருங்கல் சுவர் ஒன்று இருக்கிறது. மாமா தன் மகளுக்கு வீடு கட்டியபோது ஆசைப்பட்டு வைத்தது. நான் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவன்.

கல்லில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. கல்வேலை தெரிந்த மேசனைக் கூப்பிடுவோம் என்றாள் மனைவி.

"மேசன் எதுக்கு? மூணு வீடியோ பாத்திட்டன், நானே செய்றன்."

கிணற்று மோட்டரில் ஹோஸை மாட்டிக் கழுவினேன். நாலு நாள் காயவிட்டு, ஈரம் புகாமல் கல்லை மூடும் சீலரை இரண்டு தரம் அடித்தேன். சுவர் பளபளத்தது. இந்தப் பக்கத்தில் படம் போட்டு உங்கள் எல்லோரிடமும் மாஷா அல்லாஹ்வும் வாங்கினேன்.

இன்று காலையில் பார்த்தால், சீலருக்கு உள்ளே மறுபடியும் வெள்ளை. இனித் துடைக்கவும் முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்தார். சுவரை விரலால் தடவினார்.

"எந்தத் தண்ணியால கழுவினீங்க மருமகன்?"

"கிணத்துத் தண்ணிதான் மாமா."

"கல்யாணம் முடிச்ச மறுநாள், தேத்தண்ணி உப்புக் கரிக்குதெண்டு கோப்பையத் தள்ளி வெச்சீங்களே, அதே கிணறா?"

"ஓம் மாமா."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சிரிப்பை அடக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

கோப்பையைத் தள்ளி வைத்த அந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் குழாய்த் தண்ணீரில்தான் தேநீர். சுவருக்கு அந்த மரியாதை கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அடித்த சீலரை உரிக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

வீடியோ மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.