ஊருக்கெல்லாம் ஒரே ஐடி

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் கால் சென்டர் இருந்தது. தொலைதூரக் கல்வி நிலையம் ஒன்றின் மாணவர்களுக்குப் போனிலும் மெயிலிலும் பதில் சொல்வது வேலை. மெயில் வந்ததும் ஸ்கிரிப்ட் என்கிற புரோகிராம் தானே அதைத் திறக்கும். அனுப்பியது யார், கேட்பது என்ன என்று பிரித்தெடுத்து, அனுப்பியவரின் மெயில் ஐடியின் கீழ் சேமித்துவைக்கும். மனிதக் கை படாமல் இது நடப்பதை முதல் வாரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதைக் கவனித்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருநாள் குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். வேலூரில் வாழ்க்கைப்பட்டவர், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். தேர்வு மையமோ வேலூரில்.

"சிதம்பரத்துக்கு மாத்திக் குடுங்கன்னு மெயில் போட்டு ரொம்ப நாளாவுது சார். பதிலே காணோம். நெறமாசத்துல அவ்ளோ தூரம் எப்படி சார் போவேன்?"

மையம் மாற்றக் கேட்பதற்கான கெடு முடிந்திருந்தது. அதற்கு முன்பே மெயில் வந்ததற்கு ஆதாரம் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் அவருக்கு ஒரு வருஷம் போச்சு. ஐடியைக் கேட்டுத் தேடினேன். ஒரே ஒரு மெயில்தான் இருந்தது.

"இதுல பி.எட். ஃபீஸ் பத்திதாம்மா இருக்கு" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

"அது பக்கத்து வூட்டு அண்ணன் போட்டது சார். எங்க ஊருக்கே அந்த ஐடிதான். பிரவுசிங் சென்டர் மாமாவோடது. நாங்க சொல்லச் சொல்ல அவுருதான் அடிப்பாரு."

தூக்கிவாரிப்போட்டது. ஓர் ஐடி என்றால் ஓர் ஆள் என்று நினைத்து, எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து எவனோ எழுதிய ஸ்கிரிப்ட் அது. அதே ஐடியிலிருந்து புது மெயில் வந்தால் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துவிடும். அண்ணனின் ஃபீஸ் தங்கையின் பிரசவத்தை விழுங்கிவிட்டது. எழுதியவன் மட்டும் அன்று கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்புறம்தான் பொறி தட்டியது. ஸ்கிரிப்ட் எடுத்துவைப்பது நகலைத்தானே, அசல் மெயில் சர்வரில் கிடக்க வேண்டுமே! படபடப்போடு உள்ளே போய் அந்த ஐடியைத் தட்டினேன். ஊரே வந்து இறங்கியது. ஒருவருக்கு மார்க் ஷீட் வரவில்லை. இன்னொருவருக்கு அப்பா பெயரில் பிழை. கொள்ளிடத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து புத்தகமெல்லாம் நனைந்துவிட்டது, வேறு செட் கிடைக்குமா என்று ஒருவர். எல்லாமே ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், ஒவ்வொன்றின் அடியிலும் அவரவர் பெயர். ஓர் எழுத்துகூட அழியவில்லை. அந்தப் பெண்ணின் மெயிலும் இருந்தது, கெடுவுக்கு முந்தைய தேதியில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதல் வாரம் வாயைப் பிளந்து பார்த்த ஸ்கிரிப்டை அன்று மறந்தே போனேன். முகம் தெரியாத அந்த மாமாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மையம் சிதம்பரத்துக்கு மாறியது. ஸ்கிரிப்டையும் மாற்றினேன், யார் அனுப்பினாலும் ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாக எண் போட்டு வைக்கும்படி.

தேர்வெல்லாம் முடிந்தபின் அதே ஐடியிலிருந்து ஒரு மெயில் வந்தது. "பரீட்சை எழுதிட்டேன் சார். பொண்ணு பொறந்திருக்கா."

அதன் கீழே, அடித்துக்கொடுத்த மாமா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "நம்ம ஐடில ஒரு ஆளு ஜாஸ்தி ஆயிடுச்சு சார்."