வடு இல்லாத முகம்

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தால், என் வீட்டு மதிலில் ஒரு ஆள் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். போன வாரம்தான் வெள்ளையடித்த சுவர். 'இங்கே விளம்பரம் ஒட்டாதீர்' என்று என் கையாலேயே, எழுத்துக்கு நிழலெல்லாம் கொடுத்து எழுதியிருந்தேன். அந்த எழுத்து மறைகிற மாதிரி கச்சிதமாக அதன் மேலேயே ஒட்டினான். சண்டை போடத்தான் படி இறங்கினேன். அதற்குள் பசை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கரைத்த பசை. வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா சார், படம் பார்க்கப் போறியா?" என்றான். தலையை ஆட்டி வைத்தேன்.

அந்தப் பசையை நான் தின்றிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகச் சண்டைக் காலம் அது. பட்டணத்தில் ஒரு சித்திரப் பள்ளிக்கூடத்தில் டிசைன் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் அரிசி ரேஷன். பரிமாறுகிறவர் கரண்டியைக் காட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். வகுப்பில் காகிதம் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சும் முறை எனக்கு வந்தால், துத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி உப்புப் போட்டுக் குடித்துவிடுவேன். ஒரு நாள் வேறொருவன் துத்தத்தை முன்பே போட்டுவிட்டான். இரண்டு நாள் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை என் ஊரான திருத்தணிக்கு வந்தபோது எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. "டிசைன்காரன் வவுத்துக்குள்ளயே போஸ்டர் ஒட்டிக்கினான்டா" என்று முனிரத்தினம் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டான்.

முனிரத்தினம் அடுத்த தெருப் பையன். என் வயசு. அப்பா கிடையாது. அம்மா கன்னியம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். முனிரத்தினத்துக்கு அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் கரி அள்ளுகிற வேலை. சின்ன வயசில் அம்மை வார்த்து, பிழைத்து எழுந்தவன். மலையில் மொட்டை போட்டு நேர்த்தி தீர்த்தார்கள். தலைமுடி திரும்ப வளர்ந்தது, முகத்தில் வடு அப்படியே நின்றுவிட்டது. ஒரு கன்னத்தில் மட்டும் பெரிதாக ஒரு குழி. "மழ பேஞ்சா இதுல தண்ணி நிக்கும், காக்கா வந்து குடிக்கும்" என்று அவனே சொல்வான். எந்தக் கன்னம் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் டிசைன் படிக்கிறேன் என்று திருத்தணியில் சொன்னால் யாருக்கும் விளங்காது. என் நைனாவுக்கே விளங்கவில்லை. அவர் மாட்டு வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவர்.

"டிசைன்னா இன்னாடா?"

"ஓரத்துல பூவு, கொடி எல்லாம் வரிசையாப் போடறது நைனா. கோலம் மாதிரி."

"கோலம் போடறதுக்கு பட்டணம் போவணுமா? உங்கம்மா தினம் போடலியா?"

கேட்டுவிட்டு வண்டிக்கு நம்பர் எழுதப் போய்விட்டார். முப்பது வருஷமாக லேபிள் வரைந்து பிழைக்கிறேன். தலைவலித் தைல டப்பாவில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இருப்பாளே, அவள் நான் பெற்றவள்தான். ஊறுகாய் பாட்டிலில் மாங்காய்க்குப் பின்னால் உதிக்கிற சூரியனும் நான் உதிக்கவைத்ததே.

எங்கேயோ போய்விட்டேன். போஸ்டருக்கு வருகிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க சர்க்காருக்குப் போஸ்டர் வேண்டும் என்று வகுப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அச்சடிப்பார்களாம். பார்த்து வரைவதற்கு ஆள் பிடிக்க என்னிடம் வசதி இல்லை. முனிரத்தினத்தைப் பிடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனைச் சரவணப் பொய்கைப் படியில் உட்கார வைத்தேன். தலையில் தபால்காரரிடம் இரவல் வாங்கிய தொப்பி, தோளில் துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக் கட்டை. குளிக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மூக்கு மேல ஈ உக்காந்துகினு இருக்குதுடா. ஓட்டட்டா?"

"ஆடாதே. மோவாய் போயிடும்."

"உன் மோவாய்க்கோசரம் என் மூக்க ஈ தின்னுட்டுப் போவட்டும்னு சொல்றியா?"

அப்படியும் ஆடாமல்தான் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு நேரம் அவனை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. வெட்கமும் பெருமையுமாக இருந்தான். நான் ஒவ்வொரு வடுவாகப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வைத்தேன். என் ஆயுசில் நான் போட்ட ஒரே உண்மையான முகம் அதுதான்.

திங்கட்கிழமை மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மோவாய் பிரமாதம். இந்தப் புள்ளியெல்லாம் எதுக்கு? கல் அச்சுல ரெண்டே கலர். மை சிந்தின மாதிரி தெரியும். எடுத்துடு" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: "போஸ்டர்ல இருக்கிற முகத்துக்கு ஊர் பேர் இருக்கக்கூடாதுப்பா. பார்க்கிறவன் எல்லாம் தன் முகம்னு நினைக்கணும்." எனக்கு அது பெரிய பாடமாகப் பட்டது. ரப்பரை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் வைத்ததை அழிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழி இருந்த கன்னத்தை அழிக்கும்போது காகிதம் கொஞ்சம் தேய்ந்தது. அதன் மேல் வெள்ளைச் சாயம் பூசிச் சரிசெய்தேன்.

என் போஸ்டரைத்தான் பொறுக்கினார்கள். மேலே தமிழில் 'நீயும் வா', கீழே அதையே தெலுங்கில். பட்டணத்திலிருந்து ரேணிகுண்டா வரைக்கும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒட்டினார்கள். அரக்கோணத்தில் பிளாட்பாரச் சுவரில் வரிசையாக ஆறு. ஒரே ஆள் ஆறு தடவை நம்மை முறைப்பான்.

ஒரு திங்கட்கிழமை காலை வண்டி மாறுவதற்காக அங்கே இறங்கினால், அந்தச் சுவரின் முன்னால் ஷெட் ஆட்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் முனிரத்தினம், முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் துள்ளிவிட்டான்.

"தோ, வந்துட்டான். டேய், இவங்க கிட்ட சொல்டா. இது நான்தான்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

"இவனாப்பா இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இந்த வழவழ மூஞ்சி எங்க, இந்த இட்லித்தட்டு எங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் யார்? நாலு பேர் கூடி நின்றால் சிரிக்கவைக்காமல் விடமாட்டேன். அந்த வியாதி எனக்கு அப்போதே உண்டு. அதோடு, படித்த பையன், வெள்ளைச் சட்டை.

"இவனா? இவன் மூஞ்சியப் போட்டா ஜப்பான்காரன் பார்த்துட்டுப் பாதி வழியிலயே திரும்பிடுவான். அப்புறம் சண்டை எங்கே நடக்கும்?" என்றேன்.

அப்படி ஒரு சிரிப்பு அந்தப் பிளாட்பாரத்தில் நான் கேட்டதில்லை. பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். முனிரத்தினமும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். வண்டி வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, சொன்னது நன்றாக எடுபட்டதே என்று எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கைநாட்டு வைத்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னானாம். உடுப்பு கொடுத்த அன்றைக்கே அரக்கோணத்துக்குப் போய் அந்தச் சுவரின் கீழே நின்று, ஷெட் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இப்போ பாருங்கடா, நானா இல்லியா?" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெரியவர்தான் பின்னால் எனக்குச் சொன்னார். "சரிப்பா, நீதான், ஒத்துக்கறோம்னு சொன்னோம். பட்டாளத்த விட்டுட்டு வாடான்னா, கைநாட்டு வெச்சவன் எப்படி வருவான்" என்றார்.

கப்பலேற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் லீவு கிடைத்து, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். தொப்பி இந்தத் தடவை சொந்தத் தொப்பி.

"என்னை ஒரு படம் போடு. இந்தத் தபா வடுவோட போடு. அம்மா கிட்ட கொடுத்துட்டுப் போறேன்."

எனக்கு மறுநாள் பரீட்சை. படுக்கை விரிப்பின் ஓரத்துக்குத் தாமரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். சாயம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பூவைச் சேர்க்க வேண்டும். நின்றால் கோடு விழும்.

"காயறதுக்குள்ள முடிக்கணும்டா. அடுத்த லீவுல வா, ஒக்காத்தி வெச்சுப் போடறேன்."

"ஆங், சரி." குனிந்து தாமரையைப் பார்த்தான். "இது மேல யாரு படுப்பாங்கோ?"

"யாரோ."

"யாரோ படுக்கறதுக்கு இன்னா அவசரம்டா உனக்கு?" என்று சிரித்தான். என் ஈரத் தாமரையில் படாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜையைச் சுற்றி நடந்து போனான். அந்த டிசைனுக்கு நல்ல மார்க் வந்தது.

அடுத்த லீவு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா அத்தை இங்கிலீஷ் கடுதாசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நெல் வயல் சேறு காலில் காயவில்லை. படித்துப் பார்த்தேன். காணவில்லை என்று இருந்தது. இன்ன இடம் என்றுகூட எழுதவில்லை, கிழக்கே என்று மட்டும்.

"காணோம்னா? தேடலியாமா?"

"தேடறாங்க அத்தை."

"அப்ப இருக்கறான்" என்றாள். கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு களைக்குத் திரும்பிப் போனாள்.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ரயில் ரயிலாகத் திரும்பினார்கள். எல்லா வண்டிக்கும் அரக்கோணத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அத்தை நடவை விட்டுவிட்டாள். தினமும் காலை வண்டியில் அரக்கோணம். டிக்கெட் கேட்கிறவர்கள் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். சுவரிலிருந்த போஸ்டரில் ஒன்றைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து முழுசாக உரித்து எடுத்து வைத்திருந்தாள். அவளிடம் மகன் படம் என்று இருந்தது அது ஒன்றுதான். வண்டி நின்றதும் பெட்டி பெட்டியாக ஜன்னலுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடிப்பாள்.

"இவனப் பார்த்தியா நைனா?"

நான் பக்கத்தில் நின்றிருந்த ஒரு நாள், ஜன்னலில் கை வைத்திருந்த ஒரு சிப்பாய் உற்றுப் பார்த்துவிட்டு, "இவனா? பார்த்தேனே. ஸ்டேஷன் ஸ்டேஷனா இவன்தானே இருந்தான்" என்றான். கேலி இல்லை. நிஜமாகவே சொன்னான்.

"எந்த ஸ்டேஷன்ல நைனா? எந்த ஸ்டேஷன்ல?" என்று அத்தை வண்டியோடு ஓடினாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். "இதுல அவன் மாதிரி இல்ல அத்தை. எல்லார் மாதிரியும் இருக்கும். மாஸ்டர் வடுவெல்லாம் எடுக்கச் சொன்னாரு" என்றேன். பிளாட்பாரத்தில் நான் சொன்ன அந்த ஒரு பேச்சைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"தெரியும். நீ மறந்துட்ட. நான் வெச்சுட்டேன்" என்று போஸ்டரை மடியில் விரித்தாள். அந்த வழவழப்பான முகத்தில் இஞ்சின் கரியால் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். தண்டவாளத்தோரம் பொறுக்கிய கரித்துண்டு அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. ஓடி வந்ததில் பாதி புள்ளி கலைந்து முகம் கறுத்துக் கிடந்தது. "காலையில வெச்சா சாயங்காலத்துக்குள்ள அழிஞ்சிடுது. தினம் வெக்கணும்" என்றாள்.

நான் பையிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன். "இருங்க அத்தை, நான் சரியாப் போட்டுத் தரேன், அழியாத மாதிரி."

கை தானாகப் போயிற்று. நெற்றி, தொப்பி, மோவாய். போஸ்டர் முகம்தான் வந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் அவன்தான், அந்த வழவழ ஆள். வடுவை வைக்கலாம் என்று பென்சிலைக் கன்னத்துக்குக் கொண்டு போனவன் நின்றுவிட்டேன்.

"அத்தை, அந்தப் பெரிய குழி எந்தக் கன்னத்துல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தேவலை என்று இருந்தது. "மூணு வாரம் பார்த்துக்கினே உக்காந்திருந்தியேப்பா" என்றாள். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள். அது அவள் மடியில் விரிந்து கிடந்தபோதும் எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்திருந்தன.

அப்புறம் பட்டாள வண்டிகள் நின்றன. அவள் போவது மட்டும் நிற்கவில்லை. ஒரு மாசிப் பனியில் காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. போஸ்டரை யாரோ அவளோடு வைத்து அனுப்பிவிட்டார்களாம். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. இப்போது அவள் வீடு இருந்த இடத்தில் சைக்கிள் கடை. அரக்கோணம் சுவரில் தகர போர்டுகள், அதில் ஒன்றில் என் தைலக்காரி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெரியவரும் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் படம் எழுதிக் கல் அச்சு போட்ட கற்களைப் பின்பக்கம் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை போனபோது அந்த முகம் இருக்கிறதா என்று குனிந்து தேடிப் பார்த்தேன். எல்லாம் வழுவழுவென்று இருந்தன.

இன்று காலை ஒட்டிய போஸ்டரில் பசை சரியாகப் படியாமல் கதாநாயகன் கன்னத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒரு கன்னத்தில் ஒன்று பெரிதாக. நுரையைத் துப்பிவிட்டு, "இருக்கட்டும், விட்டுடுப்பா" என்றேன்.

"அசிங்கமா இருக்கும் சார்" என்று சொல்லி, உள்ளங்கையால் ஒரே இழுப்பு இழுத்தான்.

எந்தக் கன்னம் என்று பிறகு சொல்கிறேன் என்றேனே, அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஒருவரும் இல்லை.