பதினொரு இன்னிங்ஸ், ஒரு ரெலிபோன்

சென்ற ஒக்ரோபரில், தாங்ஸ்கிவிங் ஞாயிறன்று, நகரின் கிழக்கோரத்தில் ரூஜில் மலர் அக்காவின் மகள் துளசி வீட்டில் இருந்தேன். மேசையில் வழக்கம்போல யாரும் தொடாத வான்கோழியும் எல்லோரும் அடிபட்டுத் தின்ற ஆட்டிறைச்சிக் கறியும். சுவர் அகலத் திரையில் எங்கள் ஊர் அணி பேஸ்போல் ஆடிக்கொண்டிருந்தது. பந்து ஒன்று உயர, உயர, இன்னும் உயரப் போய்ச் சனத்துக்குள் விழுந்தது. துள்ளி எழும்பிய நான் அடுத்த கணமே குனிந்து சோபாவின் பின்பக்கம் தடவத் தொடங்கினேன்.

"என்ன அங்கிள் தேடுறியள்? போன் உங்கட கையிலதானே இருக்கு!" என்றாள் துளசி.

கையில்தான் இருந்தது. நான் தேடியது வேறு போன். அதைச் சொல்ல உங்களைத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். படி கொஞ்சம் வழுக்கும், பார்த்து இறங்குங்கள்.

மோர்னிங்சைட்டில் நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற். ஏழு ஆண்கள், ஒரு குளியலறை, ஒரு ரீவி, ஒரு ரெலிபோன். மிளகாய் பொரித்த மணமும் ஈரச் சப்பாத்து மணமும் எப்போதும் கலந்தே இருக்கும். எங்களுக்குள் மூத்தவர் குலம் அண்ணை, துளசியின் அப்பா. மலர் அக்காவையும் நாலு வயதுத் துளசியையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர்.

எனக்கு பேஸ்போல் தெரியும் என்று அந்த வீட்டில் ஒரு பெயர். நான் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன். தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதுதானே, இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எல்லேயில் ஓடுகிறவனின் முதுகில் பந்தால் எறிந்தால் அவன் அவுட். ஆகவே அந்தக் கோடை முழுக்க ஏழு பேரும் ரீவியைப் பார்த்து, "எறியடா முதுகில!" என்று கத்தினோம். பாவிகள், ஒருவன்கூட எறியவில்லை. "இவங்களுக்குக் குறி பாக்கத் தெரியாது" என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அந்த வருடத் தாங்ஸ்கிவிங் ஞாயிறு, ஆட்டம் கலிபோர்னியாவில். இங்கே பொழுதுபட்டுக்கொண்டு வந்தது, அங்கே நல்ல வெயில். நாங்கள் ஆறுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். குலம் அண்ணைக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அக்காவும் பிள்ளையும் வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்திருந்தது. கிளாலியில் இருட்டோடு இருட்டாக வள்ளம் ஏறவேண்டும். கடலில் வைத்து நேவிக்காரர் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். தப்பி வந்தால் வவுனியாவில் ரயில் எடுத்து, கொழும்பில் இறங்கியதும் கோல் எடுப்பதாக ஏற்பாடு. மூன்று நாளாகச் சத்தமில்லை. அண்ணை போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார், இருந்தார், அப்படி இருந்தார். குளிக்கக்கூடப் போகவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் மூன்று ஓட்டம் எடுத்தார்கள். ஆறுக்கு நாலு! ஒன்பதாவதில் ஒருவன் ஓடிப்போய் நிற்க, அடுத்தவன் அடிக்க வந்தான். அந்நேரம் பார்த்து அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அண்ணை எழும்பினார்.

"தம்பி, போனைப் பாத்துக்கொள்ளடா. சோத்தை வடிச்சிட்டு வாறன்."

"ஓம் அண்ணை, நான் பாக்கிறன்."

அடித்தான் ஐயா ஓர் அடி! ஓடுவதற்கு முன்பே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். பந்து வேலிக்கு அப்பால், சனத்துக்குள். நின்றவனும் அடித்தவனும் ஓடிவந்து சேர, ஆறுக்கு ஆறு! நான் துள்ளிய துள்ளலில் போன் வைத்திருந்த ஸ்டூல் சரிந்ததும், ரிசீவர் சோபாவுக்குப் பின்னால் போனதும் எனக்குத் தெரியவே தெரியாது. அது 'பீ, பீ' என்று கத்தியிருக்கும். நாங்கள் அதைவிடப் பலமாகக் கத்தினோம். அகப்பையோடு ஓடிவந்த அண்ணையையும் பிடித்து ஆட வைத்தோம். மூன்று நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். சமநிலை என்பதால் ஆட்டம் ஒன்பதோடு முடியவில்லை, பிறகு பத்தாவது, பதினோராவது. நகம் கடிக்க நகமில்லை. வென்றேவிட்டோம்!

போனை மூடி விழுந்து கிடந்த தலையணையை எடுக்கக் குனிந்தபோதுதான் ரிசீவரைக் கண்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இப்படியே கிடந்திருக்கிறது. அண்ணை வாங்கி மெதுவாக வைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ரீவியை யாரோ நிற்பாட்டினார்கள். ஏழு பேரும் அந்தக் கறுப்புப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேஸ்போலும் மண்ணாங்கட்டியும் என்றிருந்தது எனக்கு.

மணி அடித்தது.

"ஹலோ... ஓம்... வந்திட்டியளே? பிள்ளை?" அண்ணை அப்படியே தரையில் இருந்துவிட்டார். எங்களைப் பார்த்து, "வந்திட்டினமடா!" என்றார். அன்றைக்கு நாங்கள் போட்ட பெரிய சத்தம் பந்துக்கல்ல, இதற்குத்தான். பிறகு அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னார்: "ஓமப்பா, லைன் எங்கேஜாத்தான் இருந்திருக்கும், நான்தான் கதைச்சுக்கொண்டிருந்தனான். மொன்றியலில ஒரு ஆளோட."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் எங்கள் அணி கிண்ணம் வென்றது. நான் இரண்டு முறையும் போனை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அந்தப் பேஸ்மென்ற் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். குலம் அண்ணையும் போய் மூன்று வருடமாகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை அன்று துளசி வீட்டில், கையில் தட்டோடு, மலர் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "மொன்றியலில ஆர், ஆர் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். மனிசன் மூச்சு விடேல்லையே!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நீங்கள் அங்க தவிச்சிருப்பியள்."

"இல்லையடா தம்பி. அந்த எங்கேஜ் சத்தம் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அடிச்சு அடிச்சு ஒருத்தரும் எடுக்காட்டித்தான் பயந்திருப்பன். எங்கேஜ் எண்டால் மனிசன் வீட்டில இருக்கிறார், சுகமா இருக்கிறார் எண்டுதானே."

சிரிப்பு மெல்ல நின்றது. திரையில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மனிசன்ர நம்பருக்கு இப்பவும் இடைக்கிடை அடிச்சுப் பாக்கிறனான்" என்றார் அக்கா. "ஒரு வெள்ளைக்காரி வந்து இப்பிடி நம்பரே இல்லையெண்டு சொல்லுறாள். ஒருநாளைக்கெண்டாலும் எங்கேஜ் எண்டு வராதோ எண்டுதான்."