அகழெலியும் பக்கத்து வீட்டு முசியேவும்

மூன்று வருஷத்துக்கு முந்திய ஏப்ரல் மாதம், மொன்றியலில் பனி கரைந்து முடிகிற நேரம். நாங்கள் இருப்பது நகரத்தின் ஓரத்தில், இல்-பிசார் என்ற சின்னத் தீவில். பஸ் குறைவு, சத்தமும் குறைவு, வீட்டுக்கு வீடு வளவு உண்டு. எங்கள் பின்வளவுப் புல்தரையில்தான் இது நடந்தது. சொன்னால் எனக்குத்தான் வெட்கம். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்திய மாதம் என் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஒப்பரேஷன் நடந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, நடைப்பயிற்சி கொடுத்த பெண் இரண்டே விஷயம் சொன்னாள். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் விழக் கூடாது. நடக்காவிட்டால் கால் இறுகிப்போகும். விழுந்தால் மறுபடியும் கத்திதான். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது, கார்க்காரர்களுக்கோ கண்மண் தெரியாது. ஆகவே காலை பத்து மணிக்கு ஊன்றுதடியோடு பின்வளவில் வேலி வரை போய்த் திரும்புவாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் போவேன். "கோழி பிடிக்கிற மாதிரி வராதேங்கோ, எனக்குச் சிரிப்பு வருது" என்பாள்.

ஒரு நாள் காலை புல்தரையில் மண் குவியல் ஒன்று கிடந்தது. அடுத்த நாள் மூன்று. பிறகு குவியலுக்குக் குவியல், புல்லுக்கு அடியில் நரம்பு புடைத்த மாதிரி நீள நீளமாக மேடுகள். எலிதான் என்று நினைத்தேன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினால், அது எலியே இல்லை, அகழெலி என்று வேறொரு பிராணி, இங்கே பிரெஞ்சில் தோப் என்பார்கள், நிலத்துக்குக் கீழேயே குடியிருக்கும் என்று பதில் வந்தது. அது எந்தச் சாதியாக இருந்தால் எனக்கென்ன? அன்று நடக்கும்போது அந்த மேட்டில் மனைவி தடியை ஊன்றினாள். தடி முழங்கை அளவு உள்ளே போய்விட்டது. அவள் சரிந்தாள். எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. பிடித்த பிறகு அவள் சிரித்தாள், நானோ பிடித்த பிடியிலேயே அவளை வீட்டுக்குள் கொண்டுபோனேன்.

"இனி இந்தப் புல்லில கால் வைக்கக் கூடாது, உள்ள இரும்" என்று அன்றே சட்டம் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அகழெலியோடு சண்டைக்கு இறங்கினேன். வளைக்குள் ஹோஸைச் செருகித் தண்ணீர் விட்டேன். தண்ணீர் பத்தடி தள்ளி வேறொரு ஓட்டையால் வந்து என் சப்பாத்தை நனைத்தது. மிளகாய்த்தூள் போட்டேன்; காற்றடித்து என் கண்தான் எரிந்தது. ஆமணக்கெண்ணெயை சவர்க்காரத் தண்ணீரோடு கலந்து தெளித்தால் ஓடிவிடும் என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னார். தமிழ்க் கடையில் ஆறு போத்தலை எடுத்துக் காசு மேசையில் வைத்தேன். கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னண்ணை, வீட்டில எல்லாருக்குமோ?" என்றான்.

"நிலத்துக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு மிகவும் பரிவாகத்தான் கதைக்கிறான்.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் புதிதாக நான்கு குவியல்.

அப்போதுதான் என் பார்வை பக்கத்து வளவுக்குப் போனது. அங்கே தனியாக ஒரு முசியே, பிரெஞ்சுக்காரப் பெரியவர், இருக்கிறார், எண்பதுக்குக் கிட்ட வயது. அதுவரை நாலு வருஷத்தில் எங்களுக்குள் பொன்ஜூர் என்கிற வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இலையைக் கூட்ட மாட்டார், விறகைக் குவித்தபடி விட்டிருப்பார். இந்தக் குப்பைக்குள் இருந்துதான் எல்லாம் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். போதாக்குறைக்கு, என் புல்தரையில் சப்பாத்து அடையாளங்களும் தெரியத் தொடங்கின. வேலியில் படலை ஒன்று இருந்தது, பூட்டில்லை. மனுசன் என் வளவுக்குள் வந்து என்னதான் செய்கிறார்? மனைவியிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பைக் கிளறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறி ஒன்று வாங்கி வந்தேன். இரும்பு, கத்திரிக்கோல் மாதிரி இரண்டு வாய், அடித்தால் விரல் போகும். மனைவி பூசைக்குப் போட்ட சேலையை மடித்துக்கொண்டிருந்த நேரம், வேலிக்குப் போகிற வழியில் இருந்த மேட்டைத் தோண்டி அதைப் புதைத்தேன். மேலே புல்லையும் வைத்து மூடினேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பாவம் புண்ணியம் என்று தொடங்குவாள்.

நான் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பின்னேர ஷிப்ட். காலையில் ஒன்பதுக்கு முன் எழும்புவதில்லை. அன்று திங்கள், பொறியில் விழுந்ததா என்று பார்க்கிற ஆவலில் ஏழு மணிக்கே எழும்பிவிட்டேன். குசினி யன்னலால் பார்த்தால், முசியே என் புல்தரையின் நடுவில் நிற்கிறார். கையில் மண் வாருகிற சவள். என் பொறி, வாய் மூடி, வேலியடியில் கிடக்கிறது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பெட்டி ஏற்றி இறக்கப் போதுமான பிரெஞ்சுதான் என்னிடம் இருக்கிறது. அது முடிய ஆங்கிலம், அதுவும் முடியத் தமிழ். உன் குப்பையாலதான் இவ்வளவும், என்ர காணிக்குள்ள உனக்கு என்ன வேலை என்று கத்தினேன். மனுசன் முகம் சிவந்து, "பார்தோன்" என்று மன்னிப்பாக ஒரு சொல் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

திரும்பினால் பின்கதவில் மனைவி. கால்சப்பாத்து, கம்பளிச்சட்டை, கையில் தடி. வெளியே போகிற கோலம்.

"அவரையோ ஏசினனீங்கள்?" என்றாள். "நான் நடக்கிறதுக்கு ரெண்டு கிழமையா அந்த மனுசன்தான் நிலத்தை மிதிச்சுத் தட்டிச் சரிபண்ணித் தாறவர். நீங்கள் நல்ல நித்திரை."

நான் போட்ட சட்டத்துக்கு மறுநாளே இவள் காலை ஏழு மணிக்கு வெளியே இறங்கியிருக்கிறாள். முசியே வேலிக்கு அப்பால் நின்று, இவள் தடியால் தட்டித் தட்டிப் பயந்து பயந்து அடி வைப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் அவள் வரும்முன் வந்து, வேலி வரைக்கும் ஒவ்வோர் அடியாக மிதித்து, புடைத்த இடத்தைச் சவளால் அமர்த்தி, கையைக் காட்டி "பொன்", நல்லது, என்று சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விடுவியளோ?" என்றாள். பிறகு பொறியைப் பார்த்தாள். "அது என்ன?"

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது கிடந்த இடமும் அவள் நடக்கிற வழியும் ஒன்றுதான். அவர் சவளால் குத்தி அதை அடிக்க வைத்திராவிட்டால், அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவள் கால் அதில். என் கையால், என் மனைவிக்கு. கடவுளே என்று படியில் அப்படியே குந்திவிட்டேன். அவள்தான் என் தலையைத் தடவினாள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே. போய் மன்னிப்புக் கேட்டிட்டு வாங்கோ, பேந்து தேத்தண்ணி தாறன்."

அன்றைக்கே போனேன் என்று சொல்ல ஆசைதான். ரோஷம் விடவில்லை. மூன்று நாள் முசியே வரவில்லை. மூன்று நாள் நான் ஏழு மணிக்கு எழும்பி மிதித்துப் பார்த்தேன். எனக்கு எந்த இடம் பொள்ளல், எது உறுதி என்று பிடிபடவில்லை. மனைவி ஒரு அடி வைத்துவிட்டு நின்றுகொள்வாள். நாலாம் நாள் அவள் சுட்ட மீன் கட்லட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தார். ஒன்றைக் கடித்தார். "புவாசோன்?" என்று கேட்டார். மீன்தான் என்றேன். உடனே சிரித்துக்கொண்டு சவளை எடுத்தார், வா என்று என்னை என் வளவுக்கே கூட்டிவந்தார்.

என் கத்தரிப் பாத்தியில் ஒரு குத்துக் குத்தி மண்ணைப் புரட்டினார். என் விரல் தடிப்பில் மண்புழு, பிடி பிடியாக. இடையில் ஒரு மீன் முள்ளு.

நான் மன்னார்க்காரன். மீன் வெட்டினால் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் பாத்தியில் தாழ்ப்பேன், அதற்கு மேல் ஒரு பசளை இல்லை என்று பெருமையும் அடிப்பேன். முந்திய கோடை முழுக்க, பனி விழும்வரை புதைத்தேன். அதற்குப் பெருகிய புழு, அந்தப் புழுவுக்கு வந்த அகழெலி. என் செடிகளின் வேரை அது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விருந்து வைத்து அழைத்தவன் நான், பழி அவருடைய இலைக்குப்பைக்கு! வெயில் ஏறி மேல்மண் காய்ந்தால் புழுவோடு அதுவும் ஆழத்துக்குப் போய்விடும், அதுவரை காலையில் மிதித்துவிட்டால் போதும் என்று சைகையிலும் சொல்லிலுமாக விளக்கினார்.

உங்களுக்கு ஏன் இவ்வளவு கரிசனை என்று கேட்டேன். அவர் சவளை நிலத்தில் ஊன்றினார். தன் மனைவிக்கும் இதே ஒப்பரேஷன்தானாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை தடுக்கி விழப் பார்த்தாளாம். பயந்துபோய், நீ இரு, எல்லாம் நான் செய்கிறேன் என்று கதிரையில் இருத்தினாராம். "அவள் இருந்தாள். பிறகு எழும்பவேயில்லை" என்றார். "இருக்கச் சொன்னது நான்தான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன்; அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் முதல் ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மிதித்தோம். எங்கே மிதிக்க வேண்டும் என்று அவர் காட்டித் தந்தார். ஜூன் மாதம் அகழெலி ஆழத்துக்குப் போனது, மனைவி தடியை விட்டாள். இப்போது அவள் தனியாக பஸ் ஏறி டவுன்டவுன் வரை போய் வருகிறாள். ஒவ்வொரு முறையும் அவள் சப்பாத்துப் போடும்போது "இரும், நான் போறன்" என்று எனக்கு வாய் வரைக்கும் வரும்; அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, அவளுக்கு முன்னால் வாசலுக்குப் போய்ப் படியை ஒருதரம் மிதித்துப் பார்த்துவிட்டு வழிவிடுகிறேன்.