கியோக் ஹுவா வாங்கிய பெரிய லென்ஸ்

கியோக் ஹுவாவை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தெரியாதவர் இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீன் உருண்டை நூடுல்ஸ் விற்றவள். மிச்சம் வைக்கும் பிள்ளைகளை மிரட்டியே சாப்பிட வைத்தவள். வெயிலோ மழையோ, தலையில் ஒரு மஞ்சள் வைக்கோல் தொப்பி இருக்கும். நான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு. காலையில் ஒன்றாகத்தான் கோப்பி குடிப்போம். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோபப்படவும் உண்டு.

கடையை விட்ட பிறகு அவளுக்குப் பொழுது போகவில்லை. மகன் ஒரு கேமராவும் ஜூம் லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். அந்தச் சமயம் பார்த்து, பூங்காவில் இருந்த கிழட்டு மரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவை ஜோடி குடிவந்தது. பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது. ஆண் சின்ன இடுக்கு வழியே பழம் ஊட்டியது. முதலில் பார்த்தவள் இவள்தான். ஒரு கருங்கல் பெஞ்சுக்கு முன்னால் நின்று, லென்ஸின் வளையத்தை ஒரு திருப்புத் திருப்பினால் மரம் முழுக்க வரும், மறுபடி திருப்பினால் அலகு மட்டும் வரும். பெரிய வித்தை கற்றுக்கொண்டவள் போலச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஆசை. அப்பா, அம்மா, குஞ்சு, மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். முதல் ஆண்டு குஞ்சு வெளியே வந்த நேரத்தில் பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். மறு ஆண்டு உடும்பு முந்திக்கொண்டு குஞ்சைத் தின்றுவிட்டது. மூன்றாம் ஆண்டு மரத்தில் ஓர் அறிவிப்புத் தொங்கியது. உள்ளே உளுத்துவிட்டது, பறவைகள் போனதும் வெட்டிவிடுவார்களாம். மரத்தின் நினைவாக ஒரு படத்தைச் சுவரில் பெரிதாக மாட்டுவதாகச் சமூக மன்றத்தில் சொன்னார்கள். அது தன் படமாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். நானும்தான்.

அதற்குள் படம் பிடிக்கும் கூட்டம் வந்துவிட்டது. இவள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தைப் பார்த்து வந்தவர்கள்தான் எல்லோரும். முக்காலிகள் வரிசை கட்டின. ஒவ்வொன்றின் மேலும் பீரங்கி போல ஒரு பிரைம் லென்ஸ். ஜூம் போலத் திருப்ப அதில் வளையம் கிடையாது. தூரத்துப் பறவையை இறகு இறகாகக் காட்டும்; ஆனால் படத்தில் கூடுதலாக ஏதாவது வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் நடக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் டெரிக் இயோ. காப்பீடு விற்றுச் சம்பாதித்தவன். வாய் அப்படி. வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'ஜே', அதாவது அக்கா, என்றுதான் அழைப்பான். அழைத்துவிட்டுத்தான் குத்துவான்.

"ஹுவா ஜே, இன்னும் இந்த ஆண்ட்டி லென்ஸத்தான் தூக்கிட்டு அலையிறீங்களா? மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போறப்ப மாட்டிக்கலாம், லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் கோப்பிக்கடையில் என் எதிரே உட்கார்ந்தபோது சிரிக்கவில்லை.

"வைரா, அந்தப் பெரிய லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன்."

"உனக்கு எதுக்கு அது? மூணு பறவையும் ஒண்ணா வேணும்னு நீதானே சொன்னே? அதுல ஒரு தலைதான் வரும்."

"என் படத்தைப் பார்த்தா 'நைஸ், ஆண்ட்டி'ன்னு சொல்லிட்டுத் தள்ளிவிட்டுடறாங்க. அவன் படத்தை மட்டும் விரிச்சு விரிச்சுப் பாக்குறாங்க. ஒரு தடவையாவது என் படத்துக்கு நிக்க வேணாமா?"

"நின்னு என்ன ஆகப்போகுது?"

"உன் பஸ்ஸுக்கு எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க. உனக்கு அது புரியாது."



வாங்கிவிட்டாள். பழைய ஜூமை வைத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். டெரிக்தான், "ரெண்டு எதுக்கு ஜே? கை குழம்பிடும். பிரைம் எடுத்துட்டா திரும்பிப் பாக்கக் கூடாது" என்று சொல்லி அதையும் தானே வாங்கிக்கொண்டான். அவள் அதை அன்பு என்று நினைத்தாள். அந்த வாரமே, ஜூமோடு வந்த ஒரு புது ஆளைப் பார்த்து, "ஆண்ட்டி லென்ஸா?" என்று அவளே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊரில் உணவங்காடியில் மேசை பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். வைத்துவிட்டால் அந்த இடம் வைத்தவருடையது, எடுத்துவிட்டால் போச்சு. பறவைக் கூட்டத்திலும் அதே சட்டம்தான். அவள் ஒவ்வொரு காலையும் முதல் ஆளாகப் போய், வழக்கமான பெஞ்சின் மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிடுவாள். முன்வரிசை, நட்டநடு. ஜூம் லென்ஸுக்கு அது ராஜா இடம். பெரிய லென்ஸுக்கு அது ஆகாது. பொந்துகூட முழுதாக அதில் அடங்கவில்லை.

"பின்னால போயேன்" என்றேன்.

"முன்னாடி இடத்தை விட்டுட்டா? அப்புறம் யார் திருப்பிக் கொடுப்பா?"

குஞ்சு வெளிவந்த காலையில் நானும் பெஞ்சில் இருந்தேன். தாய் முதல் நாளே வெளியே வந்திருந்தது. குஞ்சு பொந்தை உடைத்துத் தலையை நீட்டியது, தடுமாறியது, பறக்க முயன்று நேரே கீழே இறங்கி, கியோக் ஹுவாவுக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் உட்கார்ந்தது. ரொம்பப் பக்கம். பதறிப்போய்த் தாய் வந்து ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறு பக்கம் அப்பன், வாயில் பழத்தோடு. அவள் மூன்று ஆண்டாகக் கேட்டது அப்படியே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

லென்ஸ் முன்னும் பின்னும் முனகியது. அவ்வளவு பக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. கேமராவுக்குள் வெறும் கறுப்பு வெள்ளை மூட்டம். முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகரப் பார்த்தாள். பின்னால் இரண்டாம் வரிசையிலிருந்து டெரிக் சீறினான்.

"ஹுவா ஜே, அசையாதீங்க! பறந்துடும்!"

"போனை எடு, போனை எடு" என்று நான் கிசுகிசுத்தேன். அவள் காதில் விழுந்தது, எடுக்கவில்லை. அத்தனை பீரங்கிகளுக்கு நடுவில், தன் பீரங்கியை விட்டுவிட்டுக் கைப்பேசியைத் தூக்க அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து அந்த மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். டெரிக்கின் முக்காலியில் அவனுடைய பிரைம் சும்மா நின்றது. அவன் தோளில் இன்னொரு கேமரா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்து, வளையத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தான். அதில் இருந்தது அவளுடைய ஜூம். அவள் மகன் அடையாளத்துக்கு ஒட்டிக் கொடுத்த நீலப் பட்டைகூட இன்னும் உரியவில்லை. ரெண்டு எதுக்கு என்று கேட்ட வாய்!

அன்று மாலையே அவன் படத்தைக் குழுவில் போட்டான். மூன்று பறவைகளும் தெளிவாக இருந்தன. கீழ் ஓரத்தில், கொஞ்சம் மங்கலாக, ஒரு மஞ்சள் தொப்பி.

மரம் வெட்டிய மறு மாதம் சமூக மன்றத்தில் டெரிக்கின் அந்தப் படத்தை மாட்டினார்கள். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். தொப்பியும் இருந்தது. சாப்பிடக் கறிப்பஃப் கொடுத்தார்கள், தொடவில்லை. படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

டெரிக் பக்கத்தில் வந்தான். "ஜே, உங்க லென்ஸ் அருமையான லென்ஸ். ரொம்ப ராசி."

அவள் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினாள். "இங்க என் தொப்பி இருந்துச்சே?"

"ஆமா ஜே, கண்ணை உறுத்துச்சு. வெட்டிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கே என்னை நகர விட்டிருக்கலாமே, டெரிக். வெட்டுற வேலை மிச்சமாயிருக்கும்."

அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தான்.