கிணற்று வாளியில் வந்த கெண்டை

அந்த ராட்டினம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பேருந்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால், எங்கள் ஊர் முனையில் சர்க்கார் கிணறும் அதன்மேல் துருவேறிய ராட்டினமும் தெரியும். கயிறு உரசிய தேய்மானம் அதில் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெம்பர் ஐயாவின் நினைவு வந்துவிடும்.

அவர் சட்டசபை உறுப்பினர். சர்க்கார் செலவு எங்கெங்கே வீணாகிறது என்று நேரில் பார்த்து எழுதும் குழுவோடு எங்கள் ஊருக்கு வந்தார். நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இன்றும் விட்டுவிடவில்லை.

ஏரிக்கரையோரம் கிணறு கேட்டோம். லாரி வந்துபோக வசதி என்று ரோட்டோரப் பாறையில் தோண்டினார்கள். ஒரு சொட்டு ஊறவில்லை. குழு வருகிறது என்றதும், கிணற்று வேலையைப் பார்த்த ஓவர்சியர் ஊராரைக் கூட்டி, கிணறு பாழ் என்று எழுதிவிட்டால் இனி இந்த ஊரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், தண்ணீர் இருப்பதாகக் காட்டினால் ஏரிப் பக்கம் இன்னொன்று தோண்டித் தருகிறேன் என்றார். ஊர் நம்பியது. முந்தின நாள் முழுக்க மாட்டு வண்டிகளில் பீப்பாய் வைத்து ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். என் அப்பாவும் வண்டி ஓட்டினார்.

மெம்பர் ஐயா கிணற்றை எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் அம்மாவிடம் ஒரு வாளி இறைக்கச் சொன்னார். வாளியோடு சின்னக் கெண்டை ஒன்றும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

“ஏம்மா, புதுக் கிணத்துல மீன் வளத்துக்கினு இருக்கீங்களா?”

அதிகாரிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஊரே தரையைப் பார்த்தது. நான்தான் முன்னே போய், “இது ஏரித் தண்ணிங்க. நேத்து வண்டியில கொண்டாந்து ஊத்துனாங்க” என்றேன்.

அன்று மாலை அப்பா என்னைத் திட்டவில்லை. “நல்லாதான் படிச்சிக்கினு வந்திருக்க. கொடத்த மட்டும் உங்கம்மா தூக்கட்டும்” என்றார். அதன்பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை.

மெம்பர் ஐயா சொல் தவறாதவர். சட்டசபையில் கேட்கிறேன் என்று சொல்லிப் போனவர், அப்படியே எங்கள் கிணற்றைப் பற்றிப் பேசினார். ஓவர்சியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதுக் கிணறு மட்டும் வரவில்லை.

ஆசிரியப் பயிற்சிக்காக விழுப்புரம் போகக் காத்திருந்தபோது, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பதவி போய், துணிப்பையோடு தனியாக நின்றார். எங்கள் ஊருக்கு வரவேண்டிய புதுக் கிணறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“வீணானத எழுதறதுதாம்மா எங்க வேலை. தோண்டச் சொல்ற அதிகாரம் எங்களுக்குக் கெடையாது. உங்க ஊருக்காகப் போய்க் கேட்டேன். அந்த ஊர்ல ஏற்கெனவே வீணாப் போச்சேன்னு, நான் எழுதின அறிக்கையையே எடுத்து என்கிட்ட காட்டுறாங்க.”

சட்டசபையில் முழங்கிய குரல் அது என்று நம்பவே முடியவில்லை. என் பேருந்து முதலில் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

நான் சொன்னது உண்மை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இப்போது கோலியனூரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். போன விடுமுறைக்கு ஊர் முனையில் இறங்கியபோது, அம்மா இடுப்பில் குடத்தோடு சர்க்கார் கிணற்றைத் தாண்டி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல காற்று. அவள் முந்தானை படபடத்தது. ராட்டினம் அசையவில்லை.