கடலுக்குப் போக என் மனைவி போட்ட நிபந்தனை

நான் மவுத்தான நாளைப் பற்றி, செத்துக் கிடந்த அந்த நாளைப் பற்றி, எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று என்ன நடந்ததென்று கற்பிட்டியில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். காலையில் கடலிலிருந்து வந்ததும், நெஞ்சுக்குள் ஏதோ இறுக்குகிறது, வாய்வாக இருக்கும் என்று சொல்லி இஞ்சி போட்ட பிளேன்டீ கேட்டேனாம். தேத்தண்ணீர் வருவதற்குள் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தேனாம். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. சொந்த மவுத்தைக் கூட இரவல் வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மனைவி போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் திரண்டுவிட்டது. எங்கள் ஊர் ஆட்கள் நல்லவர்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒரு மனிதன் வெறுந்தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களால் முடியாது. நாலு பேர் என்னைத் தூக்கிக் கட்டிலில், பஞ்சு மெத்தை மேல் கிடத்தினார்கள். தலைக்குத் தலையணை வைத்தார்கள். முகத்தைத் தொழுகிற திசைக்கு, கிப்லாப் பக்கம் திருப்பினார்கள். ஒருவர் காதில் கலிமா சொன்னார். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அலுமாரியிலிருந்து ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தார். என்னை மரியாதையாக வழியனுப்ப எல்லா ஏற்பாடும் ஆயிற்று. அம்புலன்சுக்குப் போன் கோல் எடுத்ததும் அவர்களில் ஒருவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

“அவரக் கீழ இறக்குங்க,” என்றாளாம் மனைவி. யாரும் கேட்கவில்லை. அவளே விரிப்போடு பிடித்து இழுத்து என்னைச் சீமெந்துத் தரையில் இறக்கினாள். புள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பெரியவர் போத்தலோடு குனிந்தபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“மூச்சில்லாத ஆளுக்குத் தண்ணி ஊத்தப்படா.”

“புள்ள, ஹயாத்து முடிஞ்சிட்டு, உசிரு போயிட்டு. பொறுமையா ஈங்க.”

“ஹயாத்த அல்லாஹ் பாத்துக்குவான். கலிமா ஓதுற ஆள் ஓதட்டும். நீங்க கொஞ்சம் தள்ளுங்க.”

பிறகு முழங்காலில் இருந்துகொண்டு, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, என் நடு நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். மிட்வைஃப் மிஸ் ஊர்ப் பெண்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்த வேலை அது. மெத்தை மேல் அமத்தினால் நெஞ்சு அமுங்காது, கெட்டியான தரை வேண்டும் என்றும் மிஸ் சொல்லியிருந்தாராம். வகுப்பு முடிந்து வந்தவளிடம், “பொம்மை எழும்பி ஸலாம் சொல்லிச்சா?” என்று நான் கேட்டது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறக்க வேண்டியதை மறக்காத மூளை என்னுடையது.

அம்புலன்ஸ் வரும்வரை அவள் நிறுத்தவில்லை. கை ஓய்ந்துவிட்டதாம்; மாறிச் செய்ய ஆள் கேட்டாளாம். அந்த வீட்டில் நின்ற அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்புலன்சில் வந்தவர்கள் என் நெஞ்சில் கரண்ட் கொடுத்தார்கள். இரண்டாந்தரம் கொடுத்தபோது நெஞ்சு மறுபடி அடித்தது. புத்தளம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கொழும்பு. அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து ஒரு சின்னக் கம்பி வலை வைத்தார்கள்.

எனக்கு அறிவு தெளிந்தபோது விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. சிரித்தால் நோகும், தும்மினால் உயிர் போகும். டொக்டரிடம் முறைப்பாடு சொன்னேன். அவர் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துக் கதைப்பார்.

“எலும்பு பொருந்தும். மனிசி அமத்தாட்டி மூளைக்கு ரத்தம் போறல்ல. எங்கட மெசின் வந்தும் வேலை இல்ல,” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வருத்தம் தொடங்கியது. வைத்த சாமான் வைத்த இடம் மறந்துபோகும். சும்மா கோபம் வரும். முன்பும் வரும்தான், இப்போது காரணம் இல்லாமல் வந்தது. நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். எங்கே நடப்பது? நோய் விசாரிக்க வந்தவர்கள் பிஸ்கட் பக்கெட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்றைத்தான் கேட்டார்கள்: “என்னத்தக் கண்டீங்க?” ஒன்றும் காணவில்லை, கரண்ட் போனது போல இருந்தது என்று சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றம். ஒருநாள் எரிச்சலில், “உங்களத்தான் கண்டேன், போத்தலோட நிண்டீங்க,” என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன். பாவம், சிரித்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சொல்லி எனக்காகத் துவாவும் கேட்டுவிட்டுப் போனார்.

மெல்ல மெல்லத் தேறினேன். பீடியை விட்டேன். டொக்டர் விழுங்கச் சொன்ன குளிசையைத் தவறவிடவில்லை. கரையோரம் நடந்து நடந்து மூச்சு வாங்காமல் கோட்டை வரைக்கும் போய் வந்தேன். கிளினிக்கில் டொக்டர், இனித் தொழிலுக்குப் போகலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது என்றார். எனக்குப் பெருநாள் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, “போகேலா,” என்றாள்.

எத்தனை நாள் சண்டை பிடித்தோம். நான் கதவை அடித்துச் சாத்துவேன். அவள் சட்டியைப் போட்டு உடைக்கிற மாதிரிக் கழுவுவாள். ஒருநாள் நான் சொன்னேன்: “கடலுக்குப் போகாம ஊட்டுல கிடக்கிறதுக்கு நான் மவுத்தாகியே ஈக்கலாம்.”

அவள் கழுவுவதை நிறுத்தினாள். “நீங்க மவுத்தாகிக் கிடந்தத நான் பாத்தீக்கிறேன். நீங்க பாக்கல்ல,” என்றாள்.

அன்று நான் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போனேன்.

இரண்டு நாள் கழித்து அவளே நிபந்தனையோடு வந்தாள். என் மீன்பிடிப் போட்டில் வருகிற இரண்டு பேரும் அவள் முன்னால் நெஞ்சை அமத்திக் காட்ட வேண்டும். ஒருவன் அவளுடைய தம்பி, என் மச்சான். மற்றவர் கத்தோலிக்கர், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலவிலைக் கோயிலுக்குப் போய் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தியவர். வீட்டில் வைத்துக் காட்டினால் போதாதாம். “ஊட்டுத் தரை கடலுக்கு வராது,” என்றாள். எனவே அஸர் தொழுகைக்குப் பிறகு, கரையில் ஏற்றி வைத்திருந்த போட்டுக்குள், பலகை மேல் ஒரு தலையணையை இறுக்கிக் கட்டிப் போட்டு வகுப்பு நடந்தது.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மச்சானிடம், “என்ன தம்பி, புட்டுக்கு மா பிசையிறீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அவன் வெட்கத்தில் கையைத் தளர்த்தினான். மனைவி விடவில்லை. “முழங்கைய மடிக்காத. தோளால அமத்து. இன்னும் கெதியா.” கத்தோலிக்கர் சத்தமில்லாமல் நன்றாகச் செய்தார். ஒருவர் களைத்ததும் மற்றவர் இடைவெளி விடாமல் மாற வேண்டும் என்று அதையும் பழக்கினாள். வேர்த்து ஒழுகியது இருவருக்கும். எனக்கோ உள்ளுக்குள் பெரிய சந்தோசம். நாளைக்குச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போட்டைக் கடலில் இறக்கலாம் என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கப் போனேன்.

“நீங்க எங்க போறீங்க? நீங்க இன்னம் அமத்தல்ல.”

“எனக்கு என்னத்துக்கு? நான்தானே நெஞ்சு வருத்தக்காரன்.”

“நான் விழுந்தா?” என்றாள்.

மச்சான் வேறு பக்கம் பார்த்தான். இத்தனை மாதமாக ஊரே என் நெஞ்சைப் பற்றித்தான் கதைத்தது. நானும் இரவும் பகலும் அதன் அடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது, அதுவும் ஒருநாள் நிற்கலாம், அந்த நேரம் வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்று ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

முழங்காலில் இருந்தேன். தலையணை மேல் கையை வைத்தேன். அவள் என் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அமத்தினேன். கொஞ்ச நேரத்துக்குள்ளேயே தலையணை என் கண்ணுக்குத் தலையணையாகத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

“நிப்பாட்டாதீங்க,” என்றாள். “அம்புலன்ஸ் இன்னம் வரல்ல.”